பொருள் இருக்குமிடம்: வெளியார் களஞ்சியத்தில் சரக்கு வைத்து விற்கும் வன்னி விற்பனையாளருக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கமிருந்து ஒன்லைனில் விற்பவர்கள் எல்லாரும் சரக்கை வீட்டில் வைத்திருப்பதில்லை. கொழும்பிலோ இலண்டனிலோ ரொறன்ரோவிலோ உள்ள ஒரு கொம்பனியின் களஞ்சியத்தில் அடுக்கிவைக்கிறார்கள். ஓடர் விழுந்ததும் அந்தக் கொம்பனியே எடுத்து, பொதிசெய்து, கூரியரிடம் கொடுக்கும். அப்படி விற்கும்போது லிஸ்டிங்கில் (தளத்தில் போடும் விற்பனைப் பதிவில்) ‘பொருள் இருக்குமிடம்’ என்ற கட்டத்தில் எதைப் போடுவது, ஏன், பிழையாகப் போட்டால் எது குழம்பும் என்பதற்கான பதில்கள் இவை.

நான் இருப்பது மல்லாவியில். சரக்கு வத்தளையில் ஒரு களஞ்சியத்தில். எந்த ஊரைப் போடுவது?

வத்தளை. ஓடர் விழுகிற நேரத்தில் பொருள் எந்த ஊர் ராக்கையில் இருக்கிறதோ அதுதான் பொருள் இருக்குமிடம். உங்கள் வீடும், வியாபாரப் பதிவு எடுத்த பிரதேச செயலகமும், பனங்கட்டி காய்ச்சிய கொட்டிலும் இந்தக் கட்டத்துக்குரியவை அல்ல. சந்தேகம் வந்தால் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: கூரியர்காரர் இந்தப் பார்சலின் முதல் ஸ்கானை எந்த ஊரில் அடிப்பார்? அந்த ஊரைப் போடுங்கள்.

வியாபார முகவரி, திரும்பல் முகவரி, உற்பத்தி நாடு என்றும் கட்டங்கள் இருக்கின்றனவே. எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. பிழைகளில் பாதி இந்தக் குழப்பத்தில்தான் பிறக்கிறது.

வியாபார முகவரி என்றால் சட்டப்படி விற்பவர் யார், எங்கே இருக்கிறார் என்பது. அது மல்லாவியாகவே இருக்கட்டும். பொருள் இருக்குமிடம் வத்தளை. திரும்பல் முகவரி, வாங்கியவர் பொருளைத் திருப்பினால் அது போய்ச் சேரவேண்டிய இடம்; களஞ்சியம் திரும்பல்களை ஏற்குமானால் மட்டுமே களஞ்சிய முகவரியைக் கொடுக்கலாம். உற்பத்தி நாடு, பொருள் எங்கே செய்யப்பட்டது என்பது. சரக்கு ரொறன்ரோவில் ஆறு மாதம் கிடந்தாலும் உற்பத்தி நாடு இலங்கைதான்.

எட்சி (Etsy) என்ற விற்பனைத் தளத்தில் மட்டும் ஒரு பொறி இருக்கிறது. அங்கே அனுப்பல் அமைப்பில் மூலநாடு என்று பொருள்படும் கட்டம், பொருள் செய்யப்பட்ட நாட்டைக் கேட்பதில்லை. எந்த நாட்டிலிருந்து அனுப்புகிறீர்கள் என்றே கேட்கிறது. சரக்கு இலண்டனில் இருந்தால் அதில் ஐக்கிய இராச்சியம் என்று போட்டு, கீழே அந்தக் களஞ்சியத்தின் தபால் குறியீட்டை எழுதவேண்டும். பெயரைப் பார்த்து இலங்கை என்று போட்டால் அனுப்பல் கணக்கீடு முழுவதும் கவிழும்.

இது ஒரு சின்னக் கட்டம். பிழையாக இருந்தால் அப்படி என்ன நடந்துவிடும்?

வாங்குபவர் அதை ஒரு ஊர்ப்பெயராகப் பார்க்கிறார். தளத்தின் கணினிக்கு அதுதான் தொடக்கப் புள்ளி. ஈபே போன்ற தளங்கள் பொருள் இருக்குமிடத்தின் தபால் குறியீடு, நீங்கள் சொன்ன தயார்ப்படுத்தும் நாட்கள் (ஓடர் விழுந்து கூரியரிடம் கொடுக்கும்வரை எடுக்கும் நாட்கள்), தெரிவுசெய்த அனுப்பல் சேவை, வாங்குபவரின் குறியீடு என்ற நான்கையும் சேர்த்துத்தான் ‘இந்தத் திகதிக்குள் வரும்’ என்று காட்டுகின்றன. முதலாவது பிழைத்தால் மற்ற மூன்றும் சரியாக இருந்தும் திகதி பிழைக்கும்.

ஒரு பார்சலைப் பின்தொடர்ந்து பாருங்கள். லிஸ்டிங்கில் ரொறன்ரோ என்று இருக்கிறது. சரக்கு உண்மையில் கிளிநொச்சியில் இருக்கிறது. ஸ்காபரோவில் ஒருவர் திங்கட்கிழமை புழுக்கொடியல் வாங்குகிறார். உள்நாட்டு அனுப்பல் என்று எண்ணிய தளம், வெள்ளிக்கிழமைக்குள் வரும் என்று அவருக்குச் சொல்லிவிடுகிறது. வெள்ளிக்கிழமை பார்சல் இன்னும் கொழும்பைத் தாண்டவில்லை. அவர் ட்ராக்கிங் இலக்கத்தைத் திறக்கிறார், முதல் வரியே இலங்கை. ‘கிடைக்கவில்லை’ என்று முறைப்பாடு திறக்கிறார். ஈபேயில் அதற்கு உங்களுக்கு மூன்று வேலைநாட்கள்தான் அவகாசம். பார்சல் வழியில் வருகிறது என்று எழுதினாலும், நீங்கள் சொன்ன இடத்துக்கும் ட்ராக்கிங் காட்டும் இடத்துக்கும் பொருத்தமில்லாதபோது உங்கள் சொல் நிற்காது. பணத்தைத் திருப்பவேண்டி வரும். பொருளும் போன வழியே போகும். தீர்க்காமல் மூடப்பட்ட முறைப்பாடாக அது பதிவானால் கணக்கின் தரம் இறங்கும்.

பொருள் இருக்குமிடத்தைத் தவறாகக் காட்டுவதை ஈபே தனி விதியாகவே தடைசெய்கிறது. தூரத்தால் வடிகட்டித் தேடுபவர்களின் கண்ணில் படுவதற்காகப் பொய்யான ஊரைப் போட்டால் லிஸ்டிங்கை நீக்கலாம், கணக்கை மட்டுப்படுத்தலாம்.

உள்ளூரில் விற்பவருக்கும் இது பொருந்துமா? நான் முகநூலிலும் வட்சப்பிலும்தான் விற்கிறேன்.

பொருந்தும். அங்கே தளம் கணக்குப் பார்ப்பதில்லை, வாங்குபவரே மனதில் கணக்குப் போடுகிறார். ‘கிளிநொச்சி’ என்று பார்த்ததும் பரந்தனில் இருப்பவர் நாளைக்கே வரும், தேவையென்றால் நேரில் வந்து எடுக்கலாம் என்று நினைப்பார். சரக்கோ கொழும்பில். பார்சல் 300 கிலோமீற்றருக்கு மேல் ஏறி வரவேண்டும். இடையில் ஒரு போயா வந்தால் இன்னும் ஒரு நாள். காசு கொடுத்துப் பெறும் முறையில் அனுப்பியிருந்தால், காத்திருந்து சலித்தவர் கூரியர்காரரின் அழைப்பை எடுக்கமாட்டார். பார்சல் கொழும்புக்கே திரும்பிப் போகும், போன செலவும் வந்த செலவும் உங்கள் தலையில்.

‘நாங்கள் கிளிநொச்சியில் இருந்து இயங்குகிறோம். பொருட்கள் கொழும்புக் களஞ்சியத்திலிருந்து கூரியரில் வரும். நேரில் எடுக்கும் வசதி இல்லை.’ இந்த மூன்று வசனத்தைப் பதிவின் மேலேயே போடுங்கள். கீழே பின்னூட்டத்தில் போட்டால் ஒருவரும் பார்ப்பதில்லை.

‘முல்லைத்தீவு’ என்று போட்டால்தானே கருவாடு விற்கும்? ஊர்ப்பெயரை எடுத்துவிட்டால் யார் வாங்குவார்?

ஊர்ப்பெயரை எடுக்கச் சொல்லவில்லை. அதை அதற்குரிய இடத்தில் வையுங்கள். தலைப்பில் ‘முல்லைத்தீவுக் கருவாடு’ என்று எழுதலாம், அது உண்மையாக இருந்தால். விபரத்தில் எந்தக் கரையில் உலர்த்தியது, எந்த மாதம் பொதிசெய்தது என்று எழுதலாம். உற்பத்தி நாடு என்ற கட்டத்தில் இலங்கை. பொருள் இருக்குமிடம் என்ற கட்டத்தில் மட்டும் களஞ்சியம் உள்ள ஊர்.

சொல்லப்போனால் இரண்டையும் பிரித்து எழுதுவதே நன்றாக விற்கும். ‘ஒட்டுசுட்டானில் எடுத்த தேன், இப்போது இலண்டன் களஞ்சியத்தில், மூன்று நாளில் கையில்’ என்று படிக்கும் ஒருவருக்கு ஊர்மணமும் கிடைக்கிறது, நம்பிக்கையான திகதியும் கிடைக்கிறது. இதில் மறைக்க ஒன்றுமே இல்லை.

உணவுப் பொருளில் இருப்பிடம் வேறொரு விதத்திலும் முக்கியம். பனங்கட்டி ஈரக்காற்றில் கசியும்; ஒடியலில் காற்றுப் புகுந்தால் வண்டு விழும். ஆறு மாதம் கரையோரக் களஞ்சியத்தில் கிடந்த சரக்கும் நேற்றுக் காய்ச்சிய சரக்கும் ஒன்றல்ல. எங்கே இருக்கிறது என்பதோடு பொதிசெய்த திகதியையும் சொல்வது நேர்மை.

ஒவ்வொரு தளத்திலும் எங்கே மாற்றுவது?

ஈபேயில் லிஸ்டிங் திருத்தும் பக்கத்தில், அனுப்பல் பகுதியின் கீழ், பொருள் இருக்குமிடம் என்று நாடும் தபால் குறியீடும் கேட்கும். முதன்முறை கணக்குத் திறந்தபோது கொடுத்த வீட்டு முகவரியைத்தான் அது தானாக எடுத்துப் போடும். நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் பிழையாக இருக்கும் என்பதால் கட்டாயம் திறந்து பாருங்கள். நூற்றுக்கணக்கான லிஸ்டிங் இருந்தால் கோப்பாக இறக்கி, நாடு, ஊர், குறியீடு ஆகிய நிரல்களை மாற்றி ஏற்றலாம்.

அமேசானின் சொந்தக் களஞ்சியச் சேவையில் சரக்கு இருந்தால் உங்களுக்கு அந்தக் கட்டமே இல்லை. அனுப்புபவர் அமேசான், விற்பவர் நீங்கள் என்று அதுவே காட்டும். வேறொரு கொம்பனியின் களஞ்சியத்திலிருந்து நீங்களே அனுப்புவிப்பதானால், அனுப்பல் அமைப்புகளில் அனுப்பும் முகவரியைக் களஞ்சிய முகவரியாக மாற்றவேண்டும்.

சொந்த விற்பனைத் தளம் நடத்த உதவும் ஷொப்பிஃபையில் அமைப்புகளுக்குள் இடங்கள் என்ற பகுதி உண்டு. களஞ்சியத்தை ஓர் இடமாகச் சேர்த்து, வீட்டை இன்னொரு இடமாக வைத்து, ஒவ்வொரு பொருளின் எண்ணிக்கையையும் இடவாரியாகப் பதியுங்கள். வீட்டில் எண்ணிக்கை பூச்சியம் என்றால் பூச்சியம் என்றே இருக்கட்டும்.

தராஸ் விற்பனையாளர் கணக்கில் களஞ்சிய முகவரியும் திரும்பல் முகவரியும் தனித்தனி. இரண்டையும் பாருங்கள்.

ஒரே பொருள் பாதி வவுனியாவில், பாதி இலண்டனில் இருக்கிறது. என்ன செய்வது?

ஈபேயில் ஒரு லிஸ்டிங்குக்கு ஓர் இருப்பிடம்தான். ஒரே நாட்டுத் தளத்தில் ஒரே பொருளுக்கு இரண்டு லிஸ்டிங் போட்டால் இரட்டை லிஸ்டிங் விதியில் மாட்டும். அதனால் இலண்டன் சரக்கை ஐக்கிய இராச்சியத் தளத்தில் போட்டு, அங்கே உள்நாட்டுக்கு மட்டும் அனுப்புவதாக வையுங்கள். வவுனியாச் சரக்கை வேறு நாட்டுத் தளத்தில், இருப்பிடம் வவுனியா, குறியீடு 43000 என்று போட்டு, அனுப்பும் நாடுகளிலிருந்து ஐக்கிய இராச்சியத்தை எடுத்துவிடுங்கள்.

உங்கள் சொந்தத் தளமானால் இவ்வளவு வேலை இல்லை. இரண்டு இடங்களையும் சேர்த்து, வாங்குபவரின் நாட்டுக்கு அண்மையிலுள்ளதற்கு முதலிடம் கொடுத்தால் போதும். ஒரே ஓடரில் இரண்டு பொருள் வேறு வேறு இடத்திலிருந்து போனால், இரண்டு பார்சலாக வரும் என்பதை ஓடர் உறுதிசெய்யும் மின்னஞ்சலில் எழுதுங்கள். ஒன்று வந்து மற்றது வராமல் இருக்கும் அந்த மூன்று நாளில்தான் முறைப்பாடுகள் திறக்கப்படுகின்றன.

கொம்பனி தன் பல களஞ்சியங்களுக்கிடையே சரக்கை மாற்றிக்கொள்கிறது. எது என்று எனக்கே தெரியாது.

கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு எஸ்கேயூவும் (ஒவ்வொரு பொருள் வகைக்கும் கொடுக்கும் குறியீடு) எந்தக் களஞ்சியத்தில் எத்தனை என்ற அறிக்கையைப் பெறுவது ஒப்பந்தத்திலேயே இருக்கவேண்டிய விடயம். ஒரே நாட்டுக்குள் மாற்றினால் நாடு மாறாது. அதிக சரக்குள்ள களஞ்சியத்தின் ஊரைப் போட்டு, தயார்ப்படுத்தும் நாட்களில் ஒன்றைக் கூட்டி வையுங்கள். நாடு விட்டு நாடு மாற்றினால் உங்களுக்கு முன்னறிவித்தல் தரவேண்டும் என்று எழுதுவியுங்கள். அதற்குச் சம்மதிக்காத கொம்பனியில் வெளிநாட்டுச் சரக்கை வைக்கவேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

சரக்கு கப்பலில் போய்க்கொண்டிருக்கிறது. இப்போதே இலண்டன் என்று போடலாமா?

வேண்டாம். துறைமுகத்தில் இறங்கினால்கூடப் போதாது. களஞ்சியம் பெட்டியைத் திறந்து, எண்ணி, பார்கோட்டை ஸ்கான் செய்து, ராக்கையில் ஏற்றி, ‘இருப்பில் உள்ளது’ என்று தன் முறைமையில் காட்டிய பிறகுதான் அது அங்கே இருக்கிறது. பார்கோட் ஒட்டாமல் போன பெட்டியும், முன்கூட்டிச் சரக்குப் பட்டியல் அனுப்பாத பெட்டியும் வாசலோரத்திலேயே நாட்கணக்கில் கிடக்கும். 120 பக்கெற் அனுப்பினால் 120ஐயும் விற்பனைக்குக் காட்டாதீர்கள். உடைந்ததும் எண்ணிக்கை பிசகியதும் போக 110 என்று வைத்தால் தலை தப்பும்.

களஞ்சியச் சரக்கு முடிந்துவிட்டது. இந்த ஒரு ஓடரை மட்டும் வீட்டிலிருந்து அனுப்பலாமா?

வாங்கியவரிடம் கேட்காமல் அனுப்பவேண்டாம். ‘இலண்டன் சரக்கு முடிந்துவிட்டது. கிளிநொச்சியிலிருந்து அனுப்பலாம், இத்தனை நாள் எடுக்கும், உங்கள் நாட்டில் இறக்குமதி வரி கேட்கப்படலாம். சம்மதமா, பணத்தைத் திருப்பட்டுமா?’ என்று தளத்தின் செய்திப் பெட்டியிலேயே கேளுங்கள். சம்மதம் வந்தால் அனுப்புங்கள். அதற்கிடையில் லிஸ்டிங்கின் எண்ணிக்கையைப் பூச்சியமாக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்தவரும் வாங்கிவிடுவார்.

தயார்ப்படுத்தும் நாட்களை எப்படிக் கணக்கிடுவது?

இருப்பிடத்தை மாற்றிவிட்டு இதை மாற்றாமல் விடுவது அடிக்கடி நடக்கும் பிழை. களஞ்சியத்துக்கு ஒரு கடைசி நேரம் இருக்கும். அதற்குமுன் கிடைத்த ஓடர்தான் அன்றைக்குப் போகும். அது களஞ்சியம் உள்ள ஊரின் நேரம். ரொறன்ரோவில் நண்பகல் 12 மணி கடைசி நேரம் என்றால், அங்கே கோடைகாலத்தில் எங்களுக்கு இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. இலண்டனில் நண்பகல் என்றால் மாலை 4.30, அல்லது 5.30. ஓடர்கள் தானாகக் களஞ்சியத்துக்குப் போகாமல் நீங்கள் கையால் பட்டியல் அனுப்புபவரானால், இந்த நேரத்துக்குமுன் அனுப்பியாகவேண்டும்.

விடுமுறையும் அப்படித்தான். வெசாக்குக்கு இலண்டன் களஞ்சியம் மூடாது. ஓகஸ்ட் வங்கி விடுமுறைக்கு மூடும். களஞ்சிய நாட்டின் விடுமுறைப் பட்டியலைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

இருப்பிடத்துக்கும் வரிக்கும் தொடர்பு உண்டா?

நேரடியாகவே உண்டு. ஐக்கிய இராச்சியத்தில் 2021 ஜனவரி 1 முதல், வெளியிலிருந்து வரும் 135 பவுண் வரையான பொதிக்கு விற்பனைத் தளமே வற் எனும் பெறுமதி சேர் வரியை அறவிடுகிறது. சரக்கு ஏற்கெனவே அந்த நாட்டுக்குள் இருந்து, விற்பவர் வெளிநாட்டவராக இருந்தால், பெறுமதி எதுவானாலும் தளத்தின் பொறுப்பு. அதோடு, அங்கே சரக்கு வைத்து விற்கும் வெளிநாட்டு விற்பனையாளர் வற் பதிவும் எடுக்கவேண்டும். குறைந்த விற்பனைக்கு உள்ள விலக்கு அவருக்கு இல்லை. இருப்பிடத்தைப் பிழையாகப் போட்டால் தளம் பிழையான வரியைக் கணக்கிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை 1 முதல் 150 யூரோ வரையான இறக்குமதிப் பொதிக்குத் தனி வற் முறை நடைமுறையில் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் 1,000 டொலர் வரையான பொதிக்கு 2018 ஜூலை 1 முதல் 10 வீத வரி. அமெரிக்காவில் 800 டொலர் வரை தீர்வையின்றி வந்த சலுகை 2025 ஓகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. ‘அமெரிக்காவில் இருக்கிறது’ என்று நம்பி வாங்கியவரிடம் கூரியர்காரர் தீர்வை கேட்டால், அவர் பார்சலை வாங்கமாட்டார்.

களஞ்சியம் நிரப்பும் சுங்கப் படிவத்தையும் ஒருமுறை பார்த்துவையுங்கள். ரொறன்ரோவிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பும்போது, உற்பத்தி நாடு என்ற கட்டத்தில் களஞ்சிய முறைமை தானாகக் கனடா என்று போட்டுவிடலாம். தீர்வை பொருள் செய்யப்பட்ட நாட்டை வைத்தே கணிக்கப்படும். எஸ்கேயூ பதியும்போதே இலங்கை என்று பதிவித்தால் இந்தத் தொல்லை இல்லை.

களஞ்சியத்தின் முழு முகவரியையும் பகிரங்கமாகப் போடவேண்டுமா?

தேவையில்லை. ஊர், நாடு, தபால் குறியீடு போதும். தெரு இலக்கம் போட்டால் ஆட்கள் நேரில் போய் நிற்பார்கள். களஞ்சியம் அவர்களை உள்ளே விடாது.

சரக்கே என்னுடையதல்ல. ஓடர் வந்தபின் மொத்த வியாபாரி நேரே அனுப்புகிறார். அப்போது?

அவருடைய களஞ்சியம் உள்ள ஊர்தான் இருப்பிடம். மொத்த வியாபாரி மூலம் அனுப்புவிப்பதை ஈபே அனுமதிக்கிறது. இன்னொரு சில்லறைத் தளத்தில் வாங்கி நேரே வாடிக்கையாளருக்கு அனுப்புவிப்பதை அனுமதிப்பதில்லை. அமெரிக்கத் தளங்களில் பெரிய அளவில் விற்பவர், பொருளை வேறொரு விற்பனையாளர் வழங்கினால் அதை வெளிப்படுத்தவேண்டும் என்று 2023 ஜூன் 27இல் நடைமுறைக்கு வந்த சட்டமும் சொல்கிறது.

இலங்கைச் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வியாபாரி ஒருவர் தவறாக வழிநடத்தும் விதத்தில் நடப்பதையும் பொய்யான விபரம் தருவதையும் தடைசெய்கிறது. ஒன்லைன் வியாபாரம் அதற்கு வெளியே நிற்பதில்லை. வாங்குபவர் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

இவ்வளவு நாளும் பிழையாகவே போட்டுவிட்டேன். எப்படித் திருத்துவது?

முதலில் இன்னும் அனுப்பாத ஓடர்களைப் பாருங்கள், லிஸ்டிங் பிறகு. அவர்கள் ஒவ்வொருவருக்கும் உண்மையான இருப்பிடத்தையும் உண்மையான திகதியையும் எழுதி, வேண்டாம் என்பவருக்குப் பணத்தைத் திருப்புங்கள்.

பிறகு களஞ்சியத்திடமிருந்து அன்றைய இருப்பு அறிக்கையை எடுத்து, லிஸ்டிங் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்து எஸ்கேயூ எஸ்கேயூவாகச் சரிபாருங்கள். இருப்பிடம், தயார்ப்படுத்தும் நாட்கள், அனுப்பல் சேவை, திரும்பல் முகவரி என்ற நான்கையும் ஒரே அமர்வில் மாற்றவேண்டும். இருப்பிடத்தை வவுனியா என்று மாற்றிவிட்டு அனுப்பல் சேவையில் ஐக்கிய இராச்சிய உள்நாட்டுத் தபாலை விட்டுவைத்தால் லிஸ்டிங் பழையதைவிட மோசமாகும்.

மாற்றி முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறி, வாங்குபவர் பார்ப்பதுபோல லிஸ்டிங்கைத் திறந்து, பார்சல் போய்ச் சேரும் இடமாக ஒரு வெளிநாட்டுக் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள். காட்டும் திகதிக்குள் அந்தப் பார்சலை உங்களால் கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா? முடியாதென்றால் தயார்ப்படுத்தும் நாட்களைக் கூட்டி, மறுபடியும் திறந்து பாருங்கள்.